பனிமலையில் போட்ட பந்தி

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் குறுக்கே பேச வேண்டியதில்லை.

எடமலைப்பட்டி புதூரில் மூன்று மாடி வீடு. நான் மனை வாங்கியபோது அந்த இடம் கருவேலங்காடு. என் மச்சினன் அதைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் சிரித்தான். இன்றைக்கு அவன் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில்தான் குடியிருக்கிறான், சிரிப்பதில்லை. வீட்டை ஒட்டி பஸ்கள் நிற்க ஒரு ஷெட். அதற்குத் தூண் நட்டவன், தகரம் போட்டவன், ஐப்பசி மழையில் அது சரிந்தபோது மறுபடி தூக்கி நிறுத்தியவன், மூன்று பேரும் நானே. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஓர் ஆபீஸ். அளவு பெட்டிக்கடை அளவுதான். ஆனால் காசிக்குப் போன திருச்சிக்காரர்கள் எத்தனையோ பேர் அந்தப் படியேறித்தான் போனார்கள். பஸ்ஸே ஒழுங்காகப் போகாத பச்சைமலைக் கிராமத்துக்குக் கல்யாண வேன் விட்டேன். கடைசி ஏற்றத்தில் மாப்பிள்ளையையும் இறக்கித் தள்ளச் சொன்னோம் என்பது உண்மை. முகூர்த்தம் தவறவில்லை என்பதும் உண்மை. ஓடுகிற பஸ்ஸில் டிகாஷன் சிந்தாமலிருக்க, காபி ஃபில்டரைத் தொட்டிலில் போட்டுத் தொங்கவிட்டவன் நான். அதற்கு முன்னால் பிள்ளைகளைத்தான் தொட்டிலில் போட்டார்கள்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி இரண்டு மாதம் போகவில்லை.

இந்த வரிசையில் கடைசியாக நிற்பது, திருச்சி ஸ்ரீரங்கத்து ஜனங்களை இமயமலைப் பனியில் சறுக்க வைத்தது. இது என் மகள் செய்த காரியம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சுக்காகத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

மகள் சென்னையில் படித்து, அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, ஒரு நாள் பெட்டியோடு வந்து இறங்கி, "இனிமே டூர் ஆபீஸை நான் பாக்கறேம்ப்பா" என்றாள். முதல் வாரமே என் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். வருகிறவர்களுக்கு என் முகம் தெரிய வேண்டுமாம். இத்தனை வருடம் என் முதுகைப் பார்த்தே டிக்கெட் வாங்கினார்கள், குறை சொன்னதில்லை. இரண்டாவது மாதம் பனியை ஆரம்பித்தாள்.

"காசி, ராமேஸ்வரமெல்லாம் எல்லாரும் போடறாங்கப்பா. நாம புதுசா ஒண்ணு போடணும். பனிச்சறுக்கு."

"அங்க என்ன கோயிலு?"

"கோயில் இல்லப்பா."

"குளம்?"

"எல்லாம் உறைஞ்சு கெடக்கும்."

"அப்ப போயி என்ன பண்ணுவாங்க?"

"கால்ல நீளமா பலகை மாட்டிக்கிட்டு மலை மேலேர்ந்து சறுக்கிக் கீழ வருவாங்க."

"வந்து?"

"மறுபடி மேல போவாங்க."

"ஏன், எதையாவது மறந்து வச்சுட்டு வந்துட்டாங்களா?"

அவள் சிரிக்கவில்லை. என் நாற்காலியை இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

பிறகு பொறுமையாக விளக்கினாள். பேர்பெற்ற பனி ஊர்களெல்லாம் பொங்கலுக்கு முந்தின நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் மாதிரி நெரிகிறதாம். அதனால் யாருக்கும் அதிகம் தெரியாத ஒரு மலைக் கிராமத்தை வடக்கே கண்டுபிடித்து வைத்திருந்தாள். அந்த ஊரின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே பத்து வண்டி போய் நிற்கும், எனக்கு இந்தத் தொழில் தெரியும். அந்தச் சரிவில் தங்குவதற்கு இருப்பது ஒரே ஒரு மர விடுதி. அதன் சொந்தக்காரரே பனிச்சறுக்கும் கற்றுக்கொடுப்பார். அவர் மகளிடம் ஒன்று சொல்லியிருந்தார். ஒரு தடவை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வா. எனக்குப் பிடித்திருந்தால் அடுத்த குளிர்காலம் முழுக்க எல்லா அறையும் உனக்குத்தான். இல்லாவிட்டால் பெரிய ஊர்க் கம்பெனி ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறது, அவர்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

அறை இல்லையென்றால் பனி டூர் இல்லை.

"இந்த ஒரு ட்ரிப்தாம்ப்பா. இது சரியா வரலேன்னா நான் பனியை மறந்துடறேன். மறுபடி சென்னைக்கே வேலைக்குப் போயிடறேன்" என்றாள்.

இவள் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் எனக்குச் சமமாகச் சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

மகள் டூரை அறிவித்தாள். செல்போனில் படம் போட்டாள். படத்துக்குக் கீழே நூறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள், ஒருவர்கூட காலைத் தூக்கி ஆபீஸ் படியேறவில்லை. நான் சட்டையை மாற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்குப் போனேன். அங்கே ஒரு மாமி இருக்கிறார். என்னோடு காசி, பத்ரி, நேபாளம் எல்லாம் வந்தவர். அவர் பெட்டி கட்டினால் அந்த வீதியில் இன்னும் சில பெட்டிகள் தானாகக் கட்டிக்கொள்ளும்.

"பனியா? அது எந்த திவ்யதேசம்?" என்றார்.

"திவ்யதேசம் இல்லீங்க மாமி. பத்ரிக்குப் பக்கத்து மாதிரி."

"பக்கமா, மாதிரியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ."

"எங்க பாத்தாலும் வெள்ளையா இருக்குங்க. பாற்கடல் மாதிரி."

மாமி கையெடுத்துக் கும்பிட்டார். "பாற்கடல்னா வரேன். என்னிக்குக் கிளம்பறது?"

மகள் குறித்திருந்த தேதியைச் சொன்னேன். மார்கழி.

"மார்கழியா! பகல் பத்து, ராப்பத்து நடக்கறச்சே ஸ்ரீரங்கத்தை விட்டு எவ கிளம்புவா? உங்களுக்கென்ன புத்தி பிசகிடுத்தா? தைத் தேர் ஆகட்டும். மாசித் தெப்பத்துக்குள்ள திரும்பிடணும். நடுவுல எங்க வேணா தள்ளிண்டு போங்கோ."

மகள் தேதியை மாற்ற மாட்டேன் என்றாள், பிறகு மாற்றினாள். மார்கழியிலேயே கிளம்பியிருந்தால் டிரைவரும் கிளீனரும்தான் போய்ச் சறுக்கியிருப்பார்கள். இது என் முதல் பங்கு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாமி வந்தார். மாமா வந்தார். மாமா பேசுவதில்லை, மாமி பேசுவதே இரண்டு பேருக்கும் போதும் என்று இருக்கிறவர். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் கனத்த மனிதர் ஒருவர் மனைவியோடு வந்தார். இன்னும் சிலரைச் சேர்த்து ஒரு பந்திக்கு ஆள் ஆயிற்று. விடுதியில் ரொட்டியும் ராஜ்மாவும் கொடுப்பார்கள், சமையல்காரர் வேண்டாம் என்றாள் மகள். நம் ஜனங்கள் பனியைத் தாங்குவார்கள், மூன்று வேளை ரொட்டியைத் தாங்க மாட்டார்கள் என்று சொல்லி, என் எல்லா யாத்திரைக்கும் வரும் சமையல்காரரையும் ஒரு பயணியாக ஏற்றினேன். அவரோடு அரிசி, புளி, சாம்பார்ப்பொடி, வாளி, பாக்குமட்டைத் தட்டு, தார்ப்பாய், ஜமக்காளம் எல்லாம் ஏறின.

"நீங்களும் பாசஞ்சர்தான்" என்று மகள் என்னிடம் கையை நீட்டினாள். "விசிலைக் குடுங்க. அங்க வந்து அதிகாரம் பண்ணக் கூடாது."

விசிலைக் கொடுத்தேன். வாய் என்னிடமே இருந்தது.

எங்கள் பஸ்ஸில் ரயிலடி வரைக்கும், பிறகு ரயில், வாடகை பஸ், ஜீப் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். மார்கழிப் பனிக்கே மங்கி குல்லா போடும் ஊர்க்காரர்கள் நாங்கள். அங்கே குல்லாவுக்கு மேல் மஃப்ளர், மஃப்ளருக்கு மேல் சால்வை, அதற்கு மேல் விடுதிக்காரர் கொடுத்த பெரிய கோட்டு என்று போட்டு, கணவர் யார் மனைவி யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

விடுதிக்காரர் உயரமான மனிதர், கன்னம் இரண்டும் சிவந்திருக்கும். அவர் மலையைக் காட்டி என்னிடம் ஹிந்தியில் ஏதோ அன்பாகச் சொன்னார். என் ஹிந்தி காசியில் ரிக்‌ஷாக்காரர்களிடம் பேரம் பேசிப் பழகிய ஹிந்தி. அதில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதாவது, "ரொம்ப ஜாஸ்தி, குறைச்சுச் சொல்லுங்க." மகள் என்னை உள்ளே போய் உட்காரச் சொன்னாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே, யாத்திரைப் பழக்கத்தில் எனக்குக் கண் விழித்துக்கொண்டது. என் யாத்திரையில் குளிக்காமல் யாரும் காபியைத் தொட்டதில்லை. விசில் இல்லாததால் கையைத் தட்டிக்கொண்டே வராந்தாவில் நடந்தேன். "எந்திரிங்க, எந்திரிங்க! குளிக்கிறவங்கள்லாம் வரிசையா வாங்க!" எல்லோரும் வரிசையாக வந்தார்கள். சூரியன் வருவதற்குள் எல்லோரும் குளித்து, துவைத்து, நெற்றிக்கு இட்டு, பளிச்சென்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒழுங்கு என்றால் அது ஒழுங்கு.

அப்போது விடுதிக்காரர் முகம் முழுக்கச் சவர நுரையோடு வெளியே வந்தார். கையில் காலி மக்.

இரவில் குழாயெல்லாம் உறைந்துவிடுமாம். விறகு அடுப்பில் சுட வைத்து ஒரு தொட்டியில் சேர்த்து வைத்திருந்த தண்ணீர், அந்த வீட்டுக்கே பல நாளைக்கு உண்டான தண்ணீராம். அதை நாங்கள் ஒரே விடியற்காலையில் முடித்திருந்தோம். அவர் சத்தம் போடவில்லை. மகளைத் தனியாகக் கூப்பிட்டு நிதானமாகப் பேசினார். அவள் திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது.

"இன்னும் ஒரு தடவை இது மாதிரி ஏதாவது நடந்தா, ரூமை அந்தக் கம்பெனிக்குக் குடுத்துடுவாராம். போதுமாப்பா?"

"குளிச்சதுக்கு ஒரு கோபமா?"

"அப்பா, அங்க பாருங்க."

வராந்தாவில் துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் உறைந்து பலகையாக நின்றன. மாமாவின் வேட்டி கொடியை விட்டு இறங்கித் தனியாகவே சுவரில் சாய்ந்துகொண்டிருந்தது. மாமா அதன் எதிரே நின்று விரலை மடக்கிக் கதவைத் தட்டுவதுபோல் மெதுவாகத் தட்டிப் பார்த்தார்.

"ஆத்துல யாரும் இல்லை, வாங்கோ" என்று மாமி அவரை இழுத்துக்கொண்டு போனார்.

பிறகு சறுக்கல் பாடம். அந்த பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "அண்டாவுக்குள்ள கால விட்டுக்கிட்டு நடக்கற மாதிரி இருக்குங்க" என்றார் பாத்திரக்கடைக்காரர். அண்டா விற்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மாமி புடவையை உள்ளே திணித்து அதன் மேல் பனிக் கால்சட்டையைப் போட்டு, அரிசி மூட்டைக்குக் கை கால் முளைத்ததுபோல் நின்றார். விடுதிக்காரர் முட்டியை மடக்கிக் காட்டினார், முன்னால் சாயச் சொன்னார், பலகையின் நுனிகளைச் சேர்த்து வைக்கச் சொன்னார். நம் ஆட்கள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டு, தலையாட்டி, விழுந்தார்கள். மாமி ஒவ்வொரு தடவையும் "ரங்கா!" என்று விழுந்தார். பாத்திரக்கடைக்காரர் விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு, "எனக்கு இங்கயே ஒரு காபி சொல்லுங்க" என்றார். நான் விழவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து பின்பக்கமாகப் போனேன், அது வேறு. வேலி வரைக்கும் நேராகப் போனேன், ஒரு கோணல் கிடையாது.

அடுத்த நாளும் இதே கதைதான். மத்தியானம் ஆவதற்குள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். "பாற்கடல்னேள்" என்றார் மாமி என்னிடம். "பெருமாள் அதுல சயனிச்சுண்டு இருக்கார். ஏன்னு இப்பதான் புரியறது. நின்னா விழுந்துடுவார். ஊருக்கு எப்போ கிளம்பறோம்?"

மகளைத் தேடினேன். விடுதிக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேம்ப்பா" என்றாள். "இவங்களுக்கு எதுவும் பிடிக்கல. அவருக்கு நம்மளப் பிடிக்கல. நான் பேசாம சென்னைக்கே..."

"பசியோட இருக்கறவங்களுக்கு எதும்மா பிடிக்கும்? மத்தியானச் சாப்பாட்டை என்கிட்ட விடு."

"வேணாம்ப்பா. எதையும் பண்ணாதீங்க."

"பந்தி போடறேன். வேற ஒண்ணும் பண்ணல. பந்தி போடறதுல என்ன வந்துடப்போகுது?"

அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

விடுதியின் சாப்பாட்டு அறை இருட்டு. பெஞ்சும் மேஜையும் நெருக்கம், எங்கள் கால்சட்டைகளோடு அதற்குள் நுழைய முடியாது. வெளியே நல்ல வெயில். இந்த இடத்தில் என் தொழில் நுணுக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். திறந்த வெளியில் பந்தி போட நான் சமதரையைத் தேர்ந்தெடுக்கவே மாட்டேன். லேசான சரிவு வேண்டும். அப்போதுதான் கை கழுவுகிற தண்ணீர் சாப்பிடுகிறவர்கள் பக்கம் வராமல் ஓடும். எத்தனை ஆற்றங்கரையில், எத்தனை மலையடிவாரத்தில் பந்தி போட்டிருக்கிறேன்! அந்தக் கண்ணோடு நடந்து பார்த்து, காற்றில்லாத, வெயில் விழும், எதிரே மலை முழுசாகத் தெரியும் ஓர் இடத்தைப் பிடித்தேன். மேட்டின் உச்சி. விடுதி கீழே தெரிந்தது.

"அண்ணே, சரிவா இருக்கே" என்றார் சமையல்காரர்.

"சரிவா இருந்தாத்தானேய்யா தண்ணி ஓடும்? விரிங்க."

கீழே தார்ப்பாய், மேலே ஜமக்காளம். ஈரம் ஏறாமலிருக்க என் யாத்திரையில் எப்போதும் அப்படித்தான். நீளவாக்கில் விரித்து, எதிரெதிரே இரண்டு வரிசையாக உட்கார வைத்து, நடுவில் பரிமாற வழி விட்டோம். சாப்பிட உட்காரும்போது நம் ஜனங்கள் செருப்போடு உட்காருவார்களா? எல்லோரும் அந்த அண்டா பூட்ஸைக் கழற்றி ஓரமாக வரிசையாக வைத்துவிட்டு, காலுறையோடு சம்மணம் போட்டார்கள். இரண்டு நாளில் முதல் தடவையாக முகங்களில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. மாமி மரியாதைக்குக் கீழ்ப்பக்கம் முதல் இடத்தில். தட்டு வந்தது, சோறு வந்தது. சமையல்காரர் சாம்பார் வாளியோடு நடுவில் வந்து நின்றார்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் நான் உட்காருவது. மேல் ஓரத்தில், பாத்திரக்கடைக்காரருக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன்.

நான் உட்கார்ந்ததும் வண்டி கிளம்பியது.

முதலில் மலைதான் மேலே போகிறது என்று நினைத்தேன். பிறகு எங்கள் பூட்ஸ் வரிசை எங்களை வழியனுப்புவதுபோல் பின்னால் போனது. "என்னங்க, பந்தி நகருது?" என்றார் பாத்திரக்கடைக்காரர் மனைவி. யாருக்கும் எழுந்திருக்க வழியில்லை, மடியில் சோறு. காலை ஊன்றி நிறுத்தலாம் என்றால் எல்லோரும் சம்மணம். பந்தி வேகம் பிடித்தது.

"ஹோல்டான்!" என்று கத்தினேன். கண்டக்டராகத்தான் வாழ்க்கையை ஆரம்பித்தேன், வேறு வார்த்தை வரவில்லை. "ஹோல்டான்! ஹோல்டான்!"

"ரங்கா! ரங்கா! ரங்கா!" என்று முன்னால் மாமி ஹாரன் அடித்துக்கொண்டு போனார். பாத்திரக்கடைக்காரர் தட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். நடுவில் சமையல்காரர் உட்காரவும் இல்லை, விழவும் இல்லை. வாளியை முன்னால் நீட்டி, முட்டியை மடக்கி, லேசாக முன்னால் சாய்ந்து நின்றுகொண்டே வந்தார். இரண்டு நாளாக விடுதிக்காரர் சொல்லிக்கொடுத்ததை எங்களில் ஒருவர் சரியாகச் செய்தார் என்றால் அது அவர்தான், அதுவும் சாம்பாரோடு.

கீழே மகளும் விடுதிக்காரரும் பேசிக்கொண்டு நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் மகள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். விடுதிக்காரர் எங்களை நோக்கி ஓடி வந்தார், பிறகு எங்களிடமிருந்து ஓடினார். வழி கூட்டி அள்ளிப் போட்ட பனிக் குவியல் ஒன்று அங்கே மெத்தை மாதிரி கிடந்தது. பந்தி அதில் பொத்தென்று போய்ச் சொருகி நின்றது.

யாருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. இரண்டு வரிசையும் குலையாமல் அப்படியே எதிரெதிரே உட்கார்ந்திருந்தது. சமையல்காரர் என்ன செய்வதென்று தெரியாமல், மாமியின் தட்டில் ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றினார்.

மகள் என்னைப் பார்க்கவில்லை, விடுதிக்காரரைப் பார்த்தாள். அவர் வாய் திறந்தபடி நின்றார். 'இன்னும் ஒரு தடவை' என்று அவர் சொன்னது எனக்கும் நினைவு வந்தது. போச்சு, ரூம் போச்சு, பெண் சென்னைக்குப் போச்சு என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

அப்போது மாமி தட்டைக் கீழே வைத்தார். மேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொரு தரம் போலாமோ?"

அடுத்து வந்த குரலை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மாமா பேசியிருந்தார். "இந்தத் தரம் நான் முன்னாடி உட்காருவேன்."

பாத்திரக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்களும் குலுங்குவார்கள். குலுக்கல் வரிசை முழுக்கப் போனது. விடுதிக்காரர் அந்தப் பனியிலேயே உட்கார்ந்து, கன்னத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு எழுந்து மகளிடம் ஏதோ கேட்டார்.

"அவருக்கும் ஒரு எடம் வேணுமாம்ப்பா" என்றாள் அவள்.

மேலே போனதும் எங்களைப் பார்த்து அவரும் பூட்ஸைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு, சம்மணம் போட வராமல் காலை நீட்டி உட்கார்ந்தார். அந்த மத்தியானம் எத்தனை தடவை போனோம் என்று கணக்கில்லை. மேலே சோறு, வழியில் சாம்பார், கீழே ரசம் என்று ஒரு பந்தி முறையே ஏற்பட்டுவிட்டது. விடுதிக்காரர் மூன்றாவது தடவை தட்டை நீட்டிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகளும் ஒரு தடவை உட்கார்ந்து வந்தாள், கத்தினாள். சின்ன வயதில் ராட்டினத்தில் கத்திய அதே கத்தல்.

பயம் விட்டுப்போனதும் கால் தானாக வந்தது. அடுத்த நாள் மாமி பலகையில் நின்று வேலி வரைக்கும் போனார், ரங்கனைக் கூப்பிடாமல். மாமா வளைந்துகூடத் திரும்பினார். கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் விடுதிக்காரர் மகளிடம் பேசினார். அடுத்த குளிர்காலம் எல்லா அறையும் எங்களுக்கு. நிபந்தனை இரண்டு. குளியல் சூரியன் வந்த பிறகு, ஆளுக்கு ஒரு வாளி. வருகிற ஒவ்வொரு கூட்டமும் மேட்டில் பந்தி போட வேண்டும், பந்தியில் அவருக்கு ஓர் இடம்.

மகள் சென்னைக்குப் போகவில்லை. ஆபீஸில் என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், தினமும் சண்டை நடக்கிறது. இப்போது நடக்கிற சண்டைதான் இது.

வருகிற சீசனுக்கு நோட்டீஸ் தயார் செய்திருக்கிறாள். 'பந்திச் சறுக்கு! குடும்பத்தோடு உட்கார்ந்தே சறுக்கலாம். எங்கள் நிறுவனத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் படம். மாமா முன்னால், மாமி கையைத் தூக்கியபடி, விடுதிக்காரர் பல் முழுக்கத் தெரிய. நானும் இருக்கிறேன். பாத்திரக்கடைக்காரரின் தோளுக்குப் பின்னால் ஒரு மங்கி குல்லாவின் குஞ்சம் தெரிகிறதே, அது நான்.

"என் பேரு எங்கம்மா?" என்றேன்.

"அப்பா, அது ஒரு ஆக்சிடென்ட்."

"ஆக்சிடென்ட்டுன்னா டிரைவர் பேரைப் போடாம விடுவாங்களா?"

இந்தப் பேச்சு எப்படியோ வெளியே போய், ஒவ்வொருவராக ஆபீஸ் படியேற ஆரம்பித்தார்கள். தார்ப்பாயை விரித்தது தான்தான் என்றார் சமையல்காரர். விரிக்கச் சொன்னது யார்? முன்னால் உட்கார்ந்து வழி காட்டியது தானாக்கும் என்றார் மாமி. கண்ணை மூடிக்கொண்டு என்ன வழி காட்டினார்? "நான் இருந்த கனத்துலதாங்க அது கிளம்பிச்சு" என்றார் பாத்திரக்கடைக்காரர். அவர் உட்கார்ந்து சோறு பிசைந்து முடிக்கிற வரைக்கும் அது கிளம்பவில்லை, நான் உட்கார்ந்த பிறகுதான் கிளம்பியது. இதற்கு ஒரு ஜமக்காளம் நிறையச் சாட்சி இருக்கிறார்கள்.

கடைசியில் மகள் இறங்கி வந்தாள். "சரிப்பா, போடறேன். கீழ, சின்ன எழுத்துல."

சின்ன எழுத்து எனக்கு வேண்டாம். இதைப் படிக்கிறவர்கள் முன்னிலையில் என் கோரிக்கையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸின் மேல் பாதியில், டெலிபோன் நம்பர் எந்த அளவோ அந்த அளவு எழுத்தில், 'தேதியை மாற்றியவர், பயணிகளைச் சேர்த்தவர், சரிவைத் தேர்ந்தெடுத்தவர், கடைசியில் உட்கார்ந்து பந்தியைக் கிளப்பியவர்' என்று நான்கையும் போட்டு, அதற்குக் கீழே என் பெயரை இனிஷியலோடு போட வேண்டும். குல்லா இல்லாத படம் ஒன்று கையில் வைத்திருக்கிறேன், அதையும் சேர்க்க வேண்டும். சமையல்காரர் பெயரையும் போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை, என் பெயருக்கு அடுத்ததாக. இது அச்சாகி வருகிற வரைக்கும் பனி டூருக்கு ஷெட்டிலிருந்து ஒரு பஸ்ஸும் கிளம்பாது. சாவி என் இடுப்பில் இருக்கிறது.